கண்ணாடிக்குள் ஓர் ஆகாயம்

அத்தியாயம் 6

பொழுது சாய்ந்தால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் சுப்ரமணியன் அதை மெதுவாகத்தான் சொன்னார். திருநீர்மலைக்குப் பின்னால், எப்போதோ கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரைத் தீயணைப்புப் படையினர் முந்தாநாளிலிருந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள். இனி உடல் தானாக மேலே வந்தால்தான் உண்டு என்று சொல்ல வந்தவர், ஜஹீராவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். அவர் நிறுத்திய வாக்கியம் அவள் காதுக்குள் முழுசாக ஓடிக்கொண்டேயிருந்தது.

இப்போது மத்தியானம். குணாவின் ஆம்னி வேன் குரோம்பேட்டை நெரிசலில் ஊர்ந்தது. மழை விட்டிருந்தாலும் கார்த்திகை வானம் பிழியாத துணி போலத் தொங்கியது. முன் சீட்டில் குணாவின் முதலாளியான துப்பறியும் நிபுணர் ஜெயஸ்ரீ மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி வந்தார்.

பைக்குள் இருந்தது ஒரு வீடியோ கண்ணாடி. கறுப்பாக, கனமாக, முங்குநீச்சல்காரர்கள் மாட்டிக்கொள்வதைப் போல முகத்தைச் சுற்றி ரப்பர் விளிம்பு. உள்ளே கண்ணுக்கு நேராக இரண்டு சின்னத் திரைகள். இதைப் போட்டுக்கொண்டால், வானத்தில் பறக்கும் ரிமோட் ஹெலிகாப்டரின் வயிற்றில் கட்டியிருக்கும் கேமரா எதைப் பார்க்கிறதோ, அதைத் தரையில் நிற்பவரும் பார்க்கலாம். குவாரித் தண்ணீரின் ஓரத்து முள்செடியில் இது தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் கொடுத்திருந்தார்.

போலீசின் கணக்கு எளிமையானது. ஜஹீராவின் கணவன் சௌகத் அலி, புதிதாக மனை போடும் இடங்களை வானத்திலிருந்து படமெடுப்பவன். தனியாக வேலை செய்கிறவன். கண்ணை மூடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கால் போகும் இடம் தெரியாமல் நடந்து தண்ணீரில் விழுந்தான். ஓட்ட ஆளில்லாமல் ஹெலிகாப்டரும் விழுந்தது. அதன் வால் துண்டு தண்ணீரில் மிதந்தது. விபத்து.

அந்தத் 'தனியாக' என்ற சொல்லைப் போலீசின் கையில் கொடுத்தவளே ஜஹீராதான்.

"இந்த டிராபிக்குல நாம்ப போய்ச் சேர்றதுக்குள்ள அந்தக் கண்ணாடி வித்த கடைக்காரருக்கு அறுபதாங் கல்யாணமே முடிஞ்சிரும் மேடம்," என்றான் குணா.

காலையில் அவன் அடித்த முதல் ஜோக்குக்கு ஜஹீராவுக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. இப்போது அப்படி இல்லை. வண்டிக்குள் யாரும் பேசாமலிருந்தால் என்ன வரும் என்று அவனுக்கும் பயம். அதனால்தான் பேசுகிறான் என்று புரிந்துவிட்டது. முன்னால் ஏதோ கல்லூரிப் பேருந்து நகர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடினால் சட்டைகள் தெரிந்தன. கல்யாணமான நாளிலிருந்து சௌகத்தின் சட்டைகள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கீழோரம் மட்டும் இழுபட்டுத் தொங்கும். எவ்வளவு தேய்த்தாலும் நிமிராது. ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் வானத்தையே பார்த்துக்கொண்டு தன்னையறியாமல் பின்னால் பின்னால் போவானாம். கூட நிற்கும் சிநேகிதன் அருண்ராஜ் ஒரு கையில் கேமரா ரிமோட்டை வைத்துக்கொண்டு, மறு கையால் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வானாம். முன்னால் கேமரா பார்ப்பதைக் காட்டும் ஒரு சின்ன டிவிப் பெட்டி. அருண்ராஜ் அதில் ஒரு பார்வை, தரையில் ஒரு பார்வை. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு படம்.

ஜஹீராவுக்கு அது பிடிக்கவில்லை. அருண்ராஜ் நேரத்துக்கு வரமாட்டான். கோவளத்தில் ஒரு வேலை அவன் தூங்கிப்போனதால் கைவிட்டுப் போனது. ஒரு ஆள் செய்யக்கூடிய வேலைக்கு எதற்கு இரண்டு ஆள் என்று அவள் கேட்டாள். ஒரு நாள் கேட்டதோடு விடவில்லை. சோறு போடும்போது கேட்டாள், விளக்கணைத்த பிறகு கேட்டாள். கடைசியில் சௌகத் வீடியோ கண்ணாடி வாங்கினான். அருண்ராஜோடு பெரிய சண்டை. அதன் பிறகு ஒரு மாதமாகச் சட்டைகள் ஒழுங்காகத் திரும்பி வந்தன. தேய்க்கும்போது அவளுக்கு அது ஒரு வெற்றி மாதிரிகூட இருந்தது.

இப்போது அந்த அருண்ராஜ்தான் குவாரிக் கரையில் சோறு தண்ணியில்லாமல் நின்றுகொண்டிருக்கிறான். ஒரு மாதமாகப் பேச்சே இல்லை, அந்தக் கண்ணாடியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆனால் செய்தி கேட்டதும் மனசு தாங்கவில்லை அண்ணி என்று முதல் நாளே வந்து அழுதான். அவள்தான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னாள்.

சேலையூரில் தோத்தாத்ரியின் கடை, கடை மாதிரியே இல்லை. வீட்டோடு ஒட்டிய கார் ஷெட். கூரையிலிருந்து குட்டி விமானங்கள் தொங்கின.

"கார் நிக்க வேண்டிய எடத்துல ஏரோப்ளேன் நிக்குது," என்றான் குணா. "அப்போ காரு இன்னா, மீனம்பாக்கத்துல நிக்குதா சார்?"

தோத்தாத்ரி விமானப்படையில் ரேடியோ பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருந்து பறக்கும் சாமான்களை வரவழைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்றார். சௌகத்தின் பெயரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜஹீராவை உட்காரச் சொன்னார். மற்ற இரண்டு பேரையும் சொல்ல மறந்துவிட்டார்.

சௌகத் எந்தக் கண்ணாடியை வாங்கினான், ஏன் வாங்கினான் என்று மட்டும் ஜெயஸ்ரீ கேட்டார்.

தோத்தாத்ரி அலமாரியைத் திறந்து மேஜைமேல் மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவது, பிளாஸ்டிக் பையில் இருந்ததைப் போலவே ரப்பர் விளிம்போடு முகத்தை மூடுவது. தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி படம் தெரியும். வெளி வெளிச்சம் துளிகூட நுழையாது. இரண்டாவது, தொப்பியில் மாட்டிக்கொள்ளும் ஒற்றைத் திரை. ஒரு கண்ணில் படம், மறு கண்ணில் ஆகாயம். கொஞ்ச நேரத்தில் தலையைப் பிளக்கும். மூன்றாவது சின்னது. வாசிப்புக் கண்ணாடி போல மூக்கின் மேல் தாழ்ந்து உட்காரும். மேலே நல்ல இடைவெளி. நிமிர்ந்தால் ஹெலிகாப்டர், கண்ணைத் தாழ்த்தினால் படம்.

"ஒரு மத்தியானம் பூரா மொட்டை மாடியில நின்னு மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தார்," என்றார் தோத்தாத்ரி. "மூணாவதுல வெயில் பட்டா படம் வெளிறிப்போயிடும்னு சொன்னேன். பரவாயில்ல சார், தனியாப் பறக்கவிடறவனுக்குப் படத்தைவிட ஹெலிகாப்டர் முக்கியம்னு அதைத்தான் எடுத்துண்டு போனார்."

ஜஹீரா எழுந்துவிட்டாள். முந்தாநாளிலிருந்து அவளுக்குள் மூச்சு இப்போதுதான் முழுசாகப் போய் வந்தது. "அப்போ அங்க கெடச்சது அவங்களுது இல்ல. இது வேற யாருதோ. அவங்க அங்க விழவே இல்ல."

தோத்தாத்ரி பிளாஸ்டிக் பையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியின் அடியில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைத் துடைத்துப் பார்த்தார். பிறகு, அவளைப் பார்க்காமல் ஜெயஸ்ரீயைப் பார்த்துப் பேசினார்.

"இது நான் கொடுத்ததுதான். போன வாரம் வந்து அந்தச் சின்னதைத் திருப்பிக் கொடுத்துட்டு, இதை மாத்திண்டு போனார்."

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். நாற்காலி இருக்கும் இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் விழுந்ததைப் போலத்தான் இருந்தது.

ஜெயஸ்ரீ அவள் தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக ஜஹீரா பின்னால் நன்றியோடு நினைத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் யாராவது தொட்டிருந்தால் உடைந்திருப்பாள். ஜெயஸ்ரீ கேட்டது ஒரே கேள்விதான். இதைப் போட்டுக்கொண்டு ஹெலிகாப்டரை ஓட்ட முடியுமா?

முடியவே முடியாது என்றார் தோத்தாத்ரி. கேமரா வேறெங்கோ திரும்பியிருக்கும்; ஹெலிகாப்டரின் எது முகம், எது வால் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு கணம் தவறினால் தலைகுப்புற வரும். சௌகத் கண்ணாடியை மாற்ற வந்தபோதே இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். தனியாப் பறக்கவிடறது தனியாச் சாப்பிடற மாதிரி இருக்கு சார், வயிறு ரொம்புது, ருசி தெரியலைன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை."

அருண்ராஜைச் சண்டை போட்டு அனுப்பிய அன்று இரவுகூட, நல்லதுதானே, இனிமேல் நிம்மதி என்றுதான் சௌகத் அவளிடம் சொன்னான். ஒரு கடைக்காரரிடம் சொல்ல முடிந்ததை அவளிடம் சொல்ல முடியவில்லை. அவன் பயந்தது அவள் கோபத்துக்கா, அவள் சரியாகச் சொல்கிறாள் என்று தானே ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்குகிற வெட்கத்துக்கா? அவன் வந்தால் கேட்கவேண்டும். அவன் வந்தால் கேட்கவே வேண்டாம்.

"ஓட்டறவர் போட்டுக்க முடியாத கண்ணாடி," என்றார் ஜெயஸ்ரீ. "அப்போ பக்கத்துல நிக்கறவருக்குத்தான். உங்க வீட்டுக்காரர் அன்னிக்குத் தனியா போகலை ஜஹீரா."

குணா விசிலடிக்கப் போய், வாயை மூடிக்கொண்டான்.

தோத்தாத்ரி உள்ளே போய்த் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து கண்ணாடியின் ஈரத்தைப் போக்கினார். ஒரு பேட்டரியை இணைத்து, மேஜைமேல் இருந்த ஹேண்டிகேமராவின் வயரைச் சொருகினார். சுவர்க் காலண்டரை நோக்கிக் கேமராவைத் திருப்பினார். திரைகளுக்கு உயிர் வந்தது. முதலில் ஜெயஸ்ரீ போட்டுப் பார்த்தார். காலண்டர் பஞ்சுப்பொதி போலத் தெரிந்தது. குணா வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"ஊட்டிக்குப் போன மாதிரி கீது மேடம். ஒரே பனி. டிக்கெட் செலவு மிச்சம்."

ஜஹீராவும் பார்த்தாள். வெள்ளையும் சிவப்பும் கலந்து கலங்கின. தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் இப்படித்தான் தெரியுமோ என்று நினைத்த மறுகணம் கழற்றிவிட்டாள்.

தோத்தாத்ரியும் போட்டுப் பார்த்தார். அவருக்கும் பனிதான், ஆனால் கெட்டுப்போகவில்லை என்றார். கண்ணாடியின் மேல் விளிம்பில் பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினார்.

"மூக்குக்கண்ணாடி போடறவா அதைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கலாம். அவா கண்ணோட பவருக்கு ஏத்த மாதிரி இந்தச் சக்கரத்தைத் திருப்பிக்கணும். நான் கொடுக்கறச்சே நடுவுலதான் வெச்சுக் கொடுத்தேன். இப்போ பாருங்கோ, கிட்டப்பார்வை பக்கம் கடைசி வரைக்கும் போயிருக்கு. தானா நகராது, ரொம்பக் கெட்டி. யாரோ தன் கண்ணுக்காகத் திருப்பியிருக்கா."

சௌகத் மூக்குக்கண்ணாடி போடுகிறவன் இல்லை. திருநீர்மலை உச்சியில் நிற்கிறவன் கட்டியிருக்கும் வேட்டிக் கரையின் நிறத்தைக் கீழே தெருவிலிருந்தே சொல்வான்.

யாரும் பெயரைச் சொல்லவில்லை. ஜஹீராவின் மனத்தில் ஒரு முகம் வந்து நின்றது. டீ டம்ளரின் ஆவியில் சோடா பாட்டில் அடி போன்ற கண்ணாடி பனித்துப்போக, அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி, அண்ணி என்று அழுத முகம்.

"நேரா போய்க் கேட்டா?" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

"கேட்டா இல்லைம்பாரு. இன்னும் கொஞ்சம் அழுவாரு. அதுக்குள்ள இருட்டிடும்," என்றார் ஜெயஸ்ரீ. "வாயைக் கேட்க வேண்டாம். கண்ணையே கேட்போம்." தோத்தாத்ரியிடம் ஹேண்டிகேமராவையும் பேட்டரியையும் இரவல் கேட்டார்.

திரும்பும் வழியில் குணா ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. தாம்பரத்தைத் தாண்டும்போது மறுபடி தூறல் தொடங்கியது. வைப்பர் போய் வந்து, போய் வந்து, ஒவ்வொரு முறையும் உலகத்தைத் துடைத்துக் காட்டியது. ஒவ்வொரு முறையும் அதே உலகம்தான் இருந்தது.

குவாரியில் தீயணைப்புப் படையினர் ரப்பர் படகின் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்டு ஜஹீரா நடையை எட்டிப் போட்டாள். பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கும் மெஷின் விடாமல் அரைத்துக்கொண்டிருந்தது. பேசுவதைக்கூடக் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பாறையில் அருண்ராஜ் குந்தியிருந்தான்.

ஜெயஸ்ரீ அவனிடம் உதவி கேட்பதைப் போலத்தான் பேசினார். இந்தக் கண்ணாடி வேலை செய்கிறதா என்று தெரியவேண்டும். சௌகத்தோடு வேலை செய்தவர் நீங்கள்தான், எங்களுக்கு இதைப் போட்டுப் பார்க்கவே தெரியவில்லை. கேமராவை அங்கே வைத்திருக்கிறேன், என்ன தெரிகிறது என்று சொன்னால் போதும்.

அருண்ராஜ் தயங்கினான். ஜஹீராவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்புக்காகத் தன்னையே வெறுத்தாள்.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜேபியில் வைத்தான். வீடியோ கண்ணாடியை இரண்டு கையாலும் ஏந்தி, பட்டையைத் தலைக்குப் பின்னால் தள்ளி, ரப்பர் விளிம்பை முகத்தில் பொருத்திக்கொண்டான். வயர் எட்டும் தூரத்தில் குணா ஒரு பஸ் டிக்கெட்டைக் கேமராவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான்.

"பஸ் டிக்கெட்டு," என்றான் அருண்ராஜ். "அம்பத்தேழு நாப்பத்திரண்டு. ஓரத்துல கிழிஞ்சிருக்கு. நல்லாத்தான் வேலை செய்யுது மேடம்."

"சக்கரம் எதையாவது திருப்பணுமா?"

"வேணாம். சரியா இருக்கு."

கல் உடைக்கும் மெஷின் அரைத்தது. மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து போனது. ஜெயஸ்ரீ ஜஹீராவைப் பார்த்தார். அதைச் சொல்லவேண்டியவள் இவள்தான் என்பதைப் போலிருந்தது அந்தப் பார்வை.

"அது எங்க யாருக்கும் தெரியல அருண்," என்றாள் ஜஹீரா. "கடைக்காரருக்குத் தெரியல, எனக்குத் தெரியல. எல்லாருக்கும் பனியாத்தான் இருந்துச்சு. உன் கண்ணுக்கு மட்டும் எப்படிச் சரியா இருக்கு?"

அவன் கழற்றவில்லை. ரப்பருக்குப் பின்னால் அவன் கண்கள் என்ன செய்கின்றன என்று தெரியவில்லை. பிறகு விளிம்புக்கு அடியிலிருந்து கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

"நான் தள்ளலை அண்ணி."

"யாரும் தள்ளினன்னு சொல்லல. என்ன நடந்துச்சு?"

அவன் கண்ணாடியைப் போட்டபடியேதான் சொன்னான். இல்லாவிட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. போன வாரம் சௌகத் அவன் வீட்டுக்கு வந்து, கண்ணாடியை அவன் கையில் வைத்து, நீ பார் மச்சான், நான் ஓட்டுகிறேன், வீட்டில் மட்டும் நானே மெல்லச் சொல்லிக்கொள்கிறேன் என்றிருக்கிறான். நாவலூர்க்காரர் ஒருவருக்கு மனைகளின் படம் வேண்டும், பின்னணியில் மலைக்கோயில் தெரியவேண்டும். குவாரித் தண்ணீருக்கு மேலே இருக்கும் மேட்டில் இடம் தோதாக இருந்தது. பழையபடி சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றானாம்.

"பழைய டிவியில பார்க்கறப்போ ஒரு கண்ணு தரையில இருக்கும் அண்ணி. இதுல தரையே இல்ல. முழுக்க ஆகாயம். அவன் ஹெலிகாப்டரைப் பார்க்கறான், நான் ஹெலிகாப்டருக்குள்ள இருக்கேன். கோயில் சரியா நடுவுல வந்துச்சு. கேமராவைத் திருப்பவும் ஒரு கை வேணும், படம் எடுக்கவும் ஒரு கை வேணும். சட்டையை விட்டேன்."

பிறகு, ரொம்ப நாளைக்கு அப்புறம் சேர்ந்திருக்கிறோமே, நம்மையே ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைக் கீழே திருப்பினானாம்.

"மேலேயிருந்து ரெண்டு பேரும் தெரிஞ்சோம். சின்னதா, எறும்பு மாதிரி. ஒரு எறும்பு பின்னால போவுது. எனக்கு அது படமாவே இருந்துச்சு. அவன் என் பக்கத்துல நிக்கறான்னு எனக்கு உறைக்கவே இல்ல அண்ணி. கத்தணும்னு தோணறதுக்குள்ள ஒரு எறும்புதான் இருந்துச்சு."

கண்ணாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கூப்பிட்டிருக்கிறான். கீழே புதர்தான் தெரிந்தது. மெஷின் சத்தத்தில் பதில் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஹெலிகாப்டர் போய்த் தண்ணீரில் விழுந்தது. கீழே ஓடி வந்தான். கழுத்தில் கண்ணாடி தொங்குவதைப் பார்த்ததும் பயம் வந்தது. சண்டை போட்டவன் நான், நான்தான் தள்ளினேன் என்பார்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிட்டான். அப்புறம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தானாம். ஒவ்வொரு முறையும், இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி முன்னால் வந்து நின்றதாம். அவன் போய்விட்டான், எங்கே தேடினாலும் ஒன்றுதான் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டானாம்.

ஜஹீராவுக்கு அவனை அடிக்கவேண்டும் என்று இருந்தது. அடிக்கக் கை எழவில்லை. சோறு போடும்போதும் விளக்கணைத்த பிறகும் அவள் கேட்ட கேள்வி அவள் காதிலேயே விழுந்தது. ஒரு ஆள் வேலைக்கு எதற்கு இரண்டு ஆள்? மண்ணைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான்.

ஆனால் ஜெயஸ்ரீ வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"புதர்னு சொன்னீங்க. தண்ணின்னு சொல்லலை. நீங்க நின்னது எந்தப் பக்கம்?"

அருண்ராஜ் கண்ணாடியைக் கழற்றினான். மூக்குக்கண்ணாடியைப் போட மறந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, மேட்டின் அந்தப் புறத்தைக் கை காட்டினான். அங்கே தண்ணீரே இல்லை. பாறையைப் படிப்படியாக வெட்டி எடுத்து, பாதியில் விட்டுப்போன சரிவு. வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. ஹெலிகாப்டர் விழுந்த இடத்தை வைத்து எல்லோரும் தண்ணீரையே தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"யோவ்," என்றான் குணா. தீயணைப்புக்காரர்களை நோக்கி ஓடினான்.

மேட்டில் ஏறும்போது ஜஹீராவின் செருப்பு ஒன்று எங்கோ போனது. உச்சியில் நின்று எல்லோரும் கூப்பிட்டார்கள். மெஷின் எல்லாக் குரலையும் அரைத்துத் தூளாக்கியது. இன்ஸ்பெக்டர் சுப்ரமணியன் போனை எடுத்து அந்தக் குவாரிக்காரனிடம் ஏதோ கத்தினார். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கீழே முள்ளின் பச்சை கறுத்துக்கொண்டிருந்தது.

சட்டென்று மெஷின் நின்றது.

அந்த அமைதி காதில் அடித்தது. இலைகளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது. மலைமேல் கோயில் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது.

"மச்சான்," என்று கூப்பிட்டாள் ஜஹீரா. வீட்டில் அவள் கணவனைக் கூப்பிடும் சொல் அதுதான்.

"மச்சான்," என்று பக்கத்தில் அருண்ராஜும் கூப்பிட்டான். அவன் சிநேகிதனைக் கூப்பிடும் சொல்லும் அதுதான். இரண்டு குரலும் ஒன்றாகச் சரிவில் இறங்கிப்போயின.

ஒன்றும் வரவில்லை. பிறகு, கல்லின் மேல் கல்லால் தட்டுவதைப் போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி தட்டியது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கியவன் குணாதான். தீயணைப்புக்காரர்கள் தடுத்தும் கேட்கவில்லை. நான்தான் எல்லாரையும்விட எடை கம்மி, மேடம் குடுக்கிற சம்பளம் அப்படி என்று சொல்லிவிட்டு முள்ளுக்குள் மறைந்தான். கயிறு இறங்கியது, நின்றது, இறங்கியது. ஜெயஸ்ரீ உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அருண்ராஜ் விளிம்பில் மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கி, ஒன்றும் தெரியாத இருட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தான்.

கீழேயிருந்து குணாவின் குரல் வந்தது. அதில் கிண்டல் இல்லை.

"அக்கா. காலு ஒடிஞ்சு கீது. கல்லு இடுக்குல மழைத்தண்ணி தேங்கிக் கீது, அதக் குடிச்சிகினு இருந்துருக்காரு." கயிறு ஆடியது. "மூச்சு கீதுக்கா. உங்களத்தான் கேக்குறாரு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரோ ஸ்ட்ரெச்சர் என்றார்கள், யாரோ விளக்கு என்றார்கள். அருண்ராஜ் இன்னும் முன்னால் சரிந்து, கீழே பார்த்து வாய்விட்டு அழுதான்.

ஜஹீரா அழவில்லை. தன் கை வலிப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அவள் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அருண்ராஜுடைய சட்டையின் பின்பக்கக் கீழோரம். எப்போது பிடித்தாள் என்று நினைவில்லை.

ஸ்ட்ரெச்சர் மேலே வரும்வரை அவள் அதை விடவில்லை.